அடுப்பு வீட்டுக்கு வந்தவள்

ஈஸ்டர் பாஸ்காவுக்கு முந்தின பெரிய சனிக்கிழமை காலையில், இத்தாலிய மலையூரான கொல்லெவெந்தோவில் ஒரு வீட்டுக் கதவும் ஒரே தள்ளில் திறக்கவில்லை. முந்தின நாள் சிலுவைப் பாதை முடிந்து எல்லோரும் வீடு திரும்பியபோது வெறும் தூறல்தான். விடிந்து பார்த்தால் ஏப்ரல் மாதத்து வாசலில் ஜனவரி வந்து உட்கார்ந்திருந்தது. ஏர்சிலியா தோளைக் கொடுத்து முட்டி, ஓர் ஆள் நுழையும் அளவுக்குக் கதவைத் திறந்து, பனியில் முழங்கால் புதைய வெளியே இறங்கினாள். கரண்ட் இல்லை. போனும் செத்துக் கிடந்தது. கீழே சுல்மோனா நகரத்துக்கு இறங்கும் சாலை எது, பள்ளம் எது என்று அடையாளம் தெரியவில்லை.

அவளுக்கு முதலில் வந்த நினைப்பு ஆடுகளைப் பற்றியது. அடுத்தது மாவைப் பற்றியது.

ஆடுகளை லாசோ பார்த்துக்கொள்வான். மாசிடோனியாவிலிருந்து வந்தவன். ஏர்சிலியாவின் புருஷன் பெரார்தோ காலமான பிறகு மந்தை முழுவதும் அவன் பொறுப்பில்தான் இருந்தது. வானம் கறுக்கும்போதே, நேற்றுச் சாயங்காலம் மேலே பட்டிக்கு ஏறிவிட்டான். மாவும் பத்திரமாக இருந்தது. முட்டை, ஆலிவ் எண்ணெய், வெள்ளை ஒயின் விட்டுப் பிசைந்து, தண்ணீர் ஒரு சொட்டுக்கூடச் சேர்க்காமல், பழைய போர்வைத் துணியில் சுற்றி மரத்தொட்டியில் தூங்க வைத்திருந்தாள். விரலால் அழுத்தினால் குழி மெல்ல எழும்பி மூடிக்கொண்டது.

கீழ்த்தளத்திலிருந்து லாசோவின் பெண்டாட்டி வெஸ்னா படியேறி வந்தாள். இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் லாசோவின் கோட்டு. அவ்வளவும் போட்டும் வயிற்றுக்கு மேல் பட்டன் சேரவில்லை.

"அத்தை, அடுப்பு எரியல. வீடு ஐஸ்."

"கரண்ட் இல்லாம அந்த மரத்தூள் பெல்லட் அடுப்பு எப்படி எரியும்? விறகு வச்சு எரிக்கிறத வாங்குடான்னு உன் புருஷன்கிட்டத் தலபாடா அடிச்சுக்கிட்டேன். மேல வந்து போர்வைக்குள்ள படு."

"படுத்தா முதுகு வலிக்குது. நானும் வரேன். ஊர் அடுப்புக்கு."

ஏர்சிலியா யோசித்தாள். பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. பாஸ்கா கழிந்து செவ்வாய்க்கிழமை வெஸ்னாவும் லாசோவும் சுல்மோனாவுக்குப் போய், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் லாசோவின் சிநேகிதன் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. அதுவரை இந்தப் பெண்ணை ஜில்லிட்ட வீட்டில் தனியாக விட்டுவிட்டுப் போவதை நினைத்தால் மனசு கேட்கவில்லை. ஊரிலேயே வெதுவெதுப்பான இடம் அன்றைக்கு அடுப்பு வீடு ஒன்றுதான்.

"என் தடத்துலயே கால வச்சு வா. வழுக்கினா என்னைப் பிடி, தொட்டியப் பிடிக்காத."

அடுப்பு வீடு கோயிலுக்குப் பின்புறம், கல்லால் கட்டிய ஒற்றை அறை. மணியடிக்கும் கோயில்பிள்ளை சபாட்டினோதான் அடுப்புக்கும் சாவி வைத்திருந்தான். பெரிய வியாழக்கிழமை மூட்டினால் பாஸ்கா வரை அவன் அதை அணைய விடுவதில்லை. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஓக் விறகு எரிந்து முடிந்து, தணலை ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு, ஈரத் துடைப்பத்தால் அடுப்பின் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தான். உள்ளே ஓர்த்தென்சியாவும் வந்து உட்கார்ந்திருந்தாள். பெரார்தோவின் தங்கை. மேசையின் பாதியைத் தன் தட்டுகளால் பிடித்து வைத்திருந்தாள்.

"வாங்க அண்ணி. பனியப் பாத்துட்டு வரமாட்டீங்கன்னு நெனச்சேன்."

"பனி பேஞ்சா பாஸ்கா நின்னுடுமா?"

"பூரணம் எங்க?" ஓர்த்தென்சியா சட்டியின் மூடியைத் தூக்கி மூக்கை உள்ளே விட்டாள். "சர்க்கரை போடலையே?"

ஏர்சிலியா பள்ளத்தாக்கிலிருந்து வாழ வந்தவள். அவள் பிறந்த ஊரில் பாஸ்காவுக்குச் சுடும் ஃபியதோனிப் பண்டத்துக்குள் சர்க்கரையும் எலுமிச்சைத் தோலும் வைப்பார்கள். இங்கே காரமும் உப்பும்தான்: ஒரு வருஷம் காய்ந்த செம்மறிச் சீஸைத் துருவி, முட்டை உடைத்து ஊற்றி, மிளகைக் கொரகொரவென்று பொடித்துப் போட்டு, கரண்டி நட்டால் சாயாமல் நிற்கும் பதத்துக்குப் பிசைவார்கள். கல்யாணமாகி வந்த முதல் பாஸ்காவில், தெரியாமல் ஒரு கைப்பிடி சர்க்கரை போட்டுவிட்டாள். அன்று கேட்க ஆரம்பித்த கேள்வியை ஓர்த்தென்சியா ஒரு வருஷமும் விட்டதில்லை.

"போட்டிருக்கேன். அஞ்சு கிலோ. நாக்குல வச்சுப் பாரு."

"வச்சிருப்பேன், இன்னிக்குப் பெரிய சனியாப் போச்சு." இன்று இரவு பாஸ்கா திருவிழிப்புப் பூசையில் கோயில் மணி அடிக்கும் வரை எதையும் ருசி பார்க்கக் கூடாது. உப்பு காணுமா என்பதை மூக்குதான் சொல்ல வேண்டும்.

வெஸ்னா சுவரோரப் பெஞ்சில் உட்காரவில்லை. இடுப்பில் கையூன்றிக் கொஞ்ச நேரம் நின்றவள், மேசைக்கு வந்து மாவில் ஒரு பிடி கிள்ளி எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். கட்டையை அவள் உருட்டிய விதமே வேறு. உள்ளங்கையால் அழுத்தாமல், விரல்நுனியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓட்டிக்கொண்டே போனாள். மாவு மேசைமேல் பட்டுத்துணி மாதிரி விரிந்தது.

ஓர்த்தென்சியா கண்ணை அகல விரித்துப் பார்த்தாள். "ஏ பொண்ணே, இத எங்க கத்துக்கிட்ட?"

"எங்க வீட்டுல. அடுக்கு அடுக்கா வைப்போம். நடுவுல கீரை, சீஸ். ஆனா நாங்க ஆர்த்தடாக்ஸ் சபை, எங்க பாஸ்கா இன்னும் வரல. எங்களுக்கு இன்னும் நோன்பு."

"அப்போ உனக்கு ரெண்டு பாஸ்கா. கொடுத்து வச்சவ."

"பேச்சக் கொறச்சிட்டு ஓரத்த அழுத்துங்கடி," என்றாள் ஏர்சிலியா. "அடுப்பு காத்துக்கிட்டு இருக்கு."

மூவரும் வேலையில் இறங்கினார்கள். ஏர்சிலியா வட்டம் வெட்டிப் பூரணத்தை வைத்தாள். வெஸ்னா அரைநிலாவாக மடித்து, முள்கரண்டியால் ஓரத்தைச் சுற்றி அழுத்தினாள். ஓர்த்தென்சியா முட்டை மஞ்சளைத் தடவி, ஒவ்வொன்றின் முதுகிலும் கத்தரிக்கோலால் சின்னதாக ஒரு வெட்டு வெட்டினாள். அந்த வெட்டு இல்லாவிட்டால் உள்ளே சீஸ் வீங்கி எங்கே வேண்டுமானாலும் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். சபாட்டினோ முதல் இரண்டு தட்டுகளை நீளமான மரத்துடுப்பில் ஏந்தி அடுப்புக்குள் தள்ளினான்.

வெஸ்னா அடிக்கடி கையை நிறுத்துவதை ஏர்சிலியா கவனித்தாள். நிறுத்தி, மேசை விளிம்பைப் பிடித்து, தலையைக் குனிந்துகொள்வாள். பிறகு ஒன்றுமே நடக்காதது போலக் கரண்டியை எடுப்பாள்.

"முதுகா?"

"முதுகுதான். ராத்திரியிலேர்ந்து. வரும், போகும்."

"வரும் போகுமா?" ஏர்சிலியாவின் கை பூரணத்திலேயே நின்றது. "எவ்வளவு நேரத்துக்கு ஒருதரம்?"

வெஸ்னா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். கல்தரையில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. ஒயின் ஜாடி கவிழ்ந்துவிட்டது என்றுதான் ஏர்சிலியா முதலில் நினைத்தாள். ஜாடி மேசைமேல் நின்றுகொண்டிருந்தது. வெஸ்னா தன் காலடியைக் குனிந்து பார்த்தாள். அவள் முகத்தில் வெட்கம்தான் இருந்தது.

"மன்னிச்சுக்குங்க அத்தை. நான் துடைச்சிடுறேன்."

"ஒண்ணையும் துடைக்க வேணாம்," என்றாள் ஏர்சிலியா. குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. "சபாட்டினோ, வெளிய போ."

"தட்டு உள்ள இருக்கே..."

"வெளிய போ. போய்க் கீழ் ரோட்டுல பனி அள்ளுற வண்டி ஏதாவது வருதான்னு பாரு."

சபாட்டினோ போன வேகத்தில் திரும்பி வந்து, கதவை விரலளவு திறந்து, ரோடே இல்லை, வண்டி எங்கே வரும் என்றான். ஓர்த்தென்சியா கதவைச் சாத்தினாள். பிறகு கையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டு அண்ணியைப் பார்த்தாள்.

"என்ன பாக்குறீங்க? வருஷா வருஷம் எத்தனை குட்டி இறக்கியிருக்கீங்க."

"அது ஆடுடி."

"ஆட்டுக்கும் வலிதான். நான் பின்னாலேர்ந்து பிடிச்சுக்கிறேன். நீங்க முன்னால வாங்க."

ஏர்சிலியா ஒருத்தரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது: அவள் மகன் தித்ஸியானோ பிறந்ததை அவள் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்து வயிற்றைக் கீறி எடுத்தார்கள். அவள் கண் விழித்தபோது குளிப்பாட்டி, தலைசீவி, துணியில் சுற்றிய ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து பக்கத்தில் கிடத்தினார்கள். உங்களுடையது என்றார்கள். அவளும் நம்பி வளர்த்தாள். ஒரு மனிதப் பிறவி எந்த வழியாக, எந்தக் கோலத்தில் இந்த உலகத்துக்கு வருகிறது என்பதைத் தன் அறுபது வயது வரை அவள் கண்ணால் கண்டதில்லை.

ஆனால் யோசிக்க நேரம் இருக்கவில்லை. மாவு மூட்டைகளைத் தரையில் அடுக்கி, மேலே கோட்டுகளையும் மேசைத் துணிகளையும் விரித்தார்கள். அடுப்பு விளிம்பில் எப்போதும் ஒரு பானை வெந்நீர் இருக்கும். ஏர்சிலியா முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். நகக்கண்ணில் ஒட்டிய சீஸ் போகும்வரை தேய்த்தாள். ஓர்த்தென்சியா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வெஸ்னாவைத் தன் மடிக்கு இழுத்து, இரண்டு கைகளாலும் அவள் தோளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

வலி வந்தது. வெஸ்னா கத்துவாள் என்று இருவரும் காத்திருந்தார்கள். அவள் கத்தவில்லை. தன் மொழியில் ஏதோ ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அம்மாவைக் கூப்பிடுகிறாள் என்பது எந்த மொழியானாலும் தெரிந்துவிடுகிறது.

"கூப்பிடு, கூப்பிடு. நல்லாக் கூப்பிடு," என்றாள் ஓர்த்தென்சியா. "என் கையக் கடிக்கணும்னா கடி. எப்படியும் இது பழைய கை."

"அத்தை, நான் செத்துடுவேனா?"

"செத்தா உன் புருஷன் என் ஆடுகள விட்டுட்டு ஊருக்குப் போயிடுவான். அதனால சாகக் கூடாது," என்றாள் ஏர்சிலியா. வெஸ்னா வலிக்கு நடுவிலும் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் முனகலாக மாறியது.

எவ்வளவு நேரம் போனது என்று யாருக்கும் தெரியாது. கதவுக்கு வெளியே சபாட்டினோ செருமினான்.

"ஏர்சிலியா."

"என்ன?"

"ஃபியதோனி கருகுது. மணம் இங்க வருது."

"கருகட்டும்," என்று ஓர்த்தென்சியா கத்தினாள்.

"ஊர்ப் பண்டம்மா. பாவம்."

ஏர்சிலியாவுக்கு அடுப்பு வாயிலிருந்து வந்த சூடு முகத்தில் அறைந்தது. புகை கிளம்பினால் பிள்ளை பெறுகிறவளுக்குத்தான் மூச்சு முட்டும். "உள்ள வா. பின்பக்கமா நடந்து வா. சுவரப் பாத்துக்கிட்டே எடு. திரும்பினேன்னு வச்சுக்க, துடுப்பாலயே அடிப்பேன்."

சபாட்டினோ தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, நண்டு மாதிரி சுவரை ஒட்டி ஒட்டி வந்தான். அடுப்புக்கு முன்னால் நின்று துடுப்பை உள்ளே விட்டான். அந்த நேரத்தில்தான் வெஸ்னாவின் உடம்பு முழுவதும் ஒரு வில்லைப் போல வளைந்தது. ஏர்சிலியா தலையைக் கண்டாள்.

கறுத்த, நனைந்த, மடிப்பு மடிப்பான ஒரு தலை. ஆட்டுக்குட்டி முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு, நீந்துவது போல வரும். இது அப்படி வரவில்லை. முகம் தரையைப் பார்த்திருக்க, பின்னந்தலை முதலில் வந்தது. பிறகு அந்தத் தலை, யாரும் தொடாமலே, யாரும் சொல்லாமலே, மெதுவாக ஒருபக்கமாகத் திரும்பியது. சாவி பூட்டில் திரும்புவது போல. ஏர்சிலியாவின் கைகள் அப்படியே நின்றுவிட்டன. இது யார் சொல்லிக்கொடுத்து வந்தது என்று அவளுக்குள் ஒரு கேள்வி எழுந்தது.

"அண்ணி," என்றாள் ஓர்த்தென்சியா தாழ்ந்த குரலில். "கழுத்தப் பாருங்க."

கழுத்தில் தொப்புள்கொடி ஒரு சுற்று சுற்றியிருந்தது. நீலம் கலந்த வெள்ளையில் முறுக்கிய கயிறு. கை தானாக விழித்துக்கொண்டது. விரலை உள்ளே விட்டு, தளர்த்தி, தலைக்கு மேலாகக் கழற்றினாள். அடுத்த வலியில் தோள் வந்தது. பிறகு மீதி உடம்பு முழுவதும், பிடிக்க அவகாசம் கொடுக்காமல், வழுக்கிக்கொண்டு அவள் கைகளுக்குள் விழுந்தது.

பெண். சாம்பல் நிறத்தில் இருந்தாள். அசையவில்லை.

தணல் மட்டும் உள்ளே மெல்ல வெடித்தது. ஏர்சிலியா சுண்டுவிரலால் வாயைத் துடைத்தாள். மூக்கைத் துடைத்தாள். குப்புறப் பிடித்து, மாவு சுற்றியிருந்த போர்வைத் துணியை இழுத்து, பனிக்காலத்தில் பிறக்கும் குட்டியைத் தேய்ப்பது போல முதுகைத் தேய்த்தாள். மெதுவாகத் தேய்த்தாள், பிறகு அழுத்தித் தேய்த்தாள். வாடி, வாடி, வாடி என்று அவள் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. அடுப்பின் சூடு படும்படி இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள்.

வெஸ்னா கண்ணைப் பிள்ளை மேலிருந்து எடுக்கவில்லை.

அந்தச் சின்ன விலா ஒருமுறை உள்ளே இழுத்தது. துணிக்குள் ஏதோ துடித்தது. பிறகு ஒரு தும்மல், பூனைத் தும்மல் மாதிரி. அதற்குப் பிறகுதான் அழுகை. முதலில் கரகரவென்று பழைய கதவு திறப்பது போல. அப்புறம் முழுத் தொண்டையில், கோபமாக, அந்தக் கல் அறையே அதிரும்படி. ஏர்சிலியாவின் கையிலேயே அவள் நிறம் மாறியது. நெஞ்சில் தொடங்கிய சிவப்பு, வயிறு, தொடை, கடைசியில் விரல்நுனி என்று பரவிக்கொண்டே போனது.

சற்று முன்பு அந்த அறையில் நான்கு பேர் இருந்தார்கள். இப்போது ஐந்து பேர். கதவு திறக்கவில்லை. யாரும் வாசல் வழியாக உள்ளே வரவில்லை. ஏர்சிலியா முழங்காலில் நின்றபடி, இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள முயன்றாள். முடியவில்லை.

அடுப்புப் பக்கம் முகத்தைத் திருப்பி நின்ற சபாட்டினோவின் தோள்கள் குலுங்கின. துடுப்பு அப்படியே கையில் இருந்தது.

"திரும்பலாமா?" என்றான்.

"திரும்பாத," என்றாள் ஓர்த்தென்சியா. அவளும் அழுதுகொண்டிருந்தாள். "தட்ட வச்சுட்டு வெளிய போ."

அவன் தட்டுகளைக் கல்மேடையில் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடியே வெளியேறினான். ஓர்த்தென்சியா கத்தரிக்கோலைத் தணலில் காட்டினாள். பண்டம் கட்டும் நூலைக் கொதிநீரில் போட்டு எடுத்தாள். கொடியின் துடிப்பு அடங்கும்வரை ஏர்சிலியா விரல்வைத்துக் காத்திருந்தாள். இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டி, நடுவில் வெட்டினாள். பிள்ளையைப் போர்வைத் துணியில் சுற்றித் தாயின் நெஞ்சில் வைத்தபோது அழுகை நின்றது. அந்தச் சின்ன முகம் நிமிர்ந்து, இன்னும் சரியாகத் திறக்காத கண்களால், வெஸ்னாவின் மோவாயைப் பார்த்தது.

அப்போதுதான் மணி அடித்தது.

வியாழக்கிழமை பூசையோடு கட்டிப்போட்ட மணி. ராத்திரி திருவிழிப்பு வரை அதைத் தொடுவது கோயிலில் யாரும் செய்யாத காரியம். சபாட்டினோ பையனாயிருந்த காலத்திலிருந்து அந்தக் கயிற்றைப் பிடித்தவன். இந்த விதியை அவன் ஒருதரமும் மீறியதில்லை. இப்போது கயிற்றில் தொங்கித் தொங்கி இழுத்தான். பனி மூடிய ஊர் முழுவதும் அந்தச் சத்தம் விழுந்து புரண்டது.

"கிறுக்கன்," என்றாள் ஓர்த்தென்சியா. "பங்குச் சாமியாருக்குத் தெரிஞ்சா?"

"சாமியார் பனிக்கு அந்தப் பக்கம் இருக்காரு," என்றாள் ஏர்சிலியா. "அடிக்கட்டும்."

நச்சுக்கொடியும் விழுந்து, எல்லாவற்றையும் துடைத்து முடிப்பதற்குள் வெளியே ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். தீப்பிடித்தது என்று சிலர் மண்வெட்டியோடு வந்தார்கள். வந்தவர்கள் கதவருகே விஷயம் கேட்டு, மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு நின்றார்கள். கொல்லெவெந்தோவின் பிள்ளைகள் எல்லாம் கீழே ஆஸ்பத்திரியில்தான் பிறப்பார்கள். அவர்களும் படிக்கப் போய் அப்படியே டூரினிலும் மிலானிலும் தங்கிவிடுவார்கள். இந்த ஊருக்குள்ளேயே, இந்தக் கற்களுக்கு நடுவிலேயே பிறந்தவர்கள் எல்லோருக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது.

ஓர்த்தென்சியா ஒவ்வொருவராகத்தான் உள்ளே விட்டாள். பனியை உதறி, காலைத் தட்டி, வாசற்படியிலேயே நின்று பார்த்துவிட்டுப் போக வேண்டும். எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கும் தபால்காரர்கூடத் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார். ஒருத்தி தன் கல்யாணக் கம்பளியைக் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டு, திரும்பிப் போனாள்.

கூட்டத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு லாசோ வந்தான். மேலே பட்டியில் மணிச் சத்தம் கேட்டு ஓடி வந்திருக்கிறான். தலையில் தொப்பி இல்லை, இடுப்பு வரை பனி, புருவத்தில் ஐஸ்.

"யாரு செத்தது?" என்றான் மூச்சிரைக்க.

"யாரும் சாகல," என்றாள் ஓர்த்தென்சியா. "உள்ள போ. காலத் தட்டிட்டுப் போ."

அவன் காலைத் தட்டினான். உள்ளே வந்தான். மாவு மூட்டைமேல் பெண்டாட்டியையும், அவள் நெஞ்சில் துணிக்கு வெளியே தெரிந்த கையளவு முகத்தையும் பார்த்தான். நின்ற இடத்திலேயே முழங்காலிட்டான். கையை நீட்டியவன் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டான். விரல்கள் பனியில் விறைத்துச் சிவந்திருந்தன. எழுந்து அடுப்பு வாய்க்குப் போய், இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றான். திருப்பித் திருப்பிக் காட்டினான். கன்னத்தில் வைத்துப் பார்த்தான். போதவில்லை என்று மறுபடியும் காட்டினான். அறையில் எல்லோரும் அவன் கை சூடாகும்வரை காத்திருந்தார்கள். பிறகு வந்து, ஒரே ஒரு விரலால், பிள்ளையின் நெற்றியைத் தொட்டான்.

"ரூஜா," என்றான். அவன் அம்மாவின் பெயர் அது. வெஸ்னா தலையசைத்தாள்.

"ரூஜா," என்று ஓர்த்தென்சியா சொல்லிப் பார்த்தாள். "ரோசான்னு சொல்றாப்பல இருக்கு. வாய்க்கு வருது."

வெஸ்னா கல்மேடைப் பக்கம் பார்த்தாள். சபாட்டினோ எடுத்து வைத்த தட்டுகள் அடுப்புச் சூட்டில் இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. ஓரத்தில் இருந்தவை கறுத்திருந்தன. நடுவில் இருந்தவை பொன்னாக உப்பி, முதுகில் வெட்டிய இடத்தில் சீஸ் பிதுங்கி, பொரிந்து நின்றன.

"அத்தை, பசிக்குது."

ஏர்சிலியாவும் ஓர்த்தென்சியாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மணிதான் அடிச்சாச்சே," என்றாள் ஓர்த்தென்சியா.

"ஆனா எனக்கு நோன்பு," என்றாள் வெஸ்னா. "சீஸ், முட்டை கூடாது. எங்க பாஸ்கா வரைக்கும்."

"பிள்ளை பெத்தவளுக்கு எந்தச் சாமியும் நோன்பு வைக்காது. வாயத் திற."

ஏர்சிலியா ஒன்றைப் பிட்டு ஊதிக் கொடுத்தாள். வெஸ்னா மென்றாள். கண்ணை மூடினாள். இன்னும் ஒன்று கேட்டாள். அவள் சாப்பிடுவதை வாசலில் நின்ற அத்தனை பேரும், பூசையில் அப்பம் உயர்த்தும்போது பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மதியத்துக்கு மேல் போனுக்கு உயிர் வந்ததும் தபால்காரர் ஆஸ்பத்திரிக்குச் சொன்னார். பனி அள்ளும் வண்டி ஊருக்குள் ஏறி வந்தது. அதன் தடத்திலேயே பின்னால் ஆம்புலன்சும் வந்தது. இறங்கிய நர்ஸ் தாயைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், கொடியில் கட்டிய நூலைப் பார்த்தாள்.

"யாரு கட்டினது?"

ஏர்சிலியா கையைத் தூக்கினாள். தப்பு செய்துவிட்டோமோ என்று பட்டது.

"நல்லாத்தான் கட்டியிருக்கீங்க," என்றாள் நர்ஸ். "எங்க பொறந்துச்சுன்னு சொல்லணும். வீட்டுலயா?"

"கொல்லெவெந்தோவுல," என்றான் சபாட்டினோ. கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. நர்ஸ் அவனை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி கேட்காமல் விட்டாள்.

பிள்ளையையும் தாயையும் கல்யாணக் கம்பளியில் சுற்றி வண்டியில் ஏற்றினார்கள். லாசோ கூடவே ஏறினான். ஏறும் முன் ஆடுகள் என்று தொடங்கினான். தபால்காரரும் இன்னும் இருவரும் தாங்கள் போய்ப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அவனை உள்ளே தள்ளினார்கள். ஓர்த்தென்சியா துணியில் கட்டிய ஃபியதோனியை அவன் மடியில் வைத்தாள். வண்டி வளைவில் மறையும் வரை எல்லோரும் பார்த்தார்கள். மறைந்த பிறகும் யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை.

ஏர்சிலியா உள்ளே திரும்பினாள். அடுப்பு வீட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஓர்த்தென்சியா தரையைக் கழுவித் துடைத்து, துணிகளை அள்ளி மூட்டை கட்டினாள். ஒரு தம்ளரில் ஒயின் ஊற்றிக் கொண்டுவந்து அண்ணியின் கையில் திணித்தாள்.

"குடிங்க."

"நான் என் பிள்ளை பொறந்ததப் பாத்ததில்லடி," என்றாள் ஏர்சிலியா. "தூங்கிட்டேன்."

ஓர்த்தென்சியா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அண்ணியின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். வெஸ்னா அழுத்திப் பிடித்த இடத்தில் அவளுக்கு நகத் தடம் நீலம் பாரித்திருந்தது.

"நானும் அண்ணி, இப்பதான் பாத்தேன். எனக்குத்தான் ஆண்டவன் ஒண்ணும் குடுக்கலையே."

இவ்வளவு வருஷத்தில் அதை அவள் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

பிறகு ஏர்சிலியா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பாதி மாவு தொட்டியில் இருந்தது. போர்வை இல்லாமல் மேல்பக்கம் காய்ந்துகொண்டிருந்தது. வாசலில் நின்றவர்களைப் பார்த்து, "சும்மா நிக்கிறதுக்குக் கையக் கழுவிட்டு உள்ள வாங்க," என்றாள்.

வந்தார்கள். மாவையே தொட்டறியாத ஆண்களும் சட்டைக் கையை மடித்துவிட்டு மேசையைச் சுற்றி நின்றார்கள். சபாட்டினோ புதுத் தணலைத் தட்டிச் சரிசெய்தான். கோணல்மாணலாக வட்டங்கள் விழுந்தன. ஒருவன் பூரணத்தை அதிகம் வைத்துப் பிதுக்கினான். பக்கத்தில் நின்றவள் அவன் கையில் தட்டினாள். பேச்சு தாழ்ந்த குரலிலேயே நடந்தது. தட்டு எடுக்கவும் விறகு கொடுக்கவும் அந்தச் சின்ன அறைக்குள் ஆட்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு போய் வந்தார்கள். ஆனால் அடுப்புக்குப் பக்கத்தில், கழுவிய ஈரம் இன்னும் காயாத அந்த ஒரு கல்லை மட்டும், யாரும் யாருக்கும் சொல்லாமலே, சுற்றிக்கொண்டுதான் நடந்தார்கள்.